சாட்டிலைட்டுக்கே தெரியாத ஆர்க்டிக் ரகசியம்... சத்தம் வைத்துக் கண்டுபிடித்தது எப்படி?

கூகுள் மேப்ஸைத் திறந்தால் நம்ம வீட்டு மொட்டை மாடியே தெரியும். ஆனால், ஆர்க்டிக் கடலின் பனிக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு சூடாகியிருக்கு என்று கேட்டால், எந்த சாட்டிலைட்டாலும் பதில் சொல்ல முடியாது. அங்கே விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பது சத்தம்!

ஏன் சத்தம்?

ரேடியோ அலைகள் கடல்நீருக்குள் போனதுமே அடங்கிவிடும். மற்ற கடல்களில் மிதக்கும் ஆர்கோ கருவிகள் அவ்வப்போது மேலே வந்து, சாட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்பும். இங்கே மேலே வந்தால் பனி தலையில் இடிக்கும். ஒலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. காற்றில் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் பாயும்.

அதுவே தெர்மாமீட்டர் ஆவது எப்படி?

சிம்பிள். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால், ஒலியின் வேகம் விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் கூடும். ஓரிடத்தில் ஒலி எழுப்பி, ரொம்ப தூரம் தள்ளி அது எப்போது வந்து சேருகிறது என்று பார்த்தால் போதும். வழியில் இருக்கும் தண்ணீர் சூடாகியிருக்கா என்பது தெரிந்துவிடும்.

ஒரே சிக்கல்: மேலே குளிர்ந்த நீர் இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து பனியின் அடிப்பாகத்தில் மோதிக்கொண்டே போகும். கரடுமுரடான பனி, கீச்சென்ற ஒலியைச் சிதறடித்துவிடும். தாழ்ந்த ஒலிதான் தாக்குப்பிடிக்கும்.

1994-ல் என்ன நடந்தது?

அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே, பனிக்கு அடியில் 19.6 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பினார்கள். நம்ம காதுக்குக் கேட்கத் தொடங்குவதே சுமார் 20 ஹெர்ட்ஸில்தான்! சுமார் 2,600 கி.மீ. கடந்து, அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள பியூஃபோர்ட் கடலுக்கு அது போய்ச் சேர ஏறக்குறைய அரை மணி நேரம். ஆனால், கணக்குப் போட்டதைவிட ஓரிரு விநாடி முன்னாடியே வந்துவிட்டது.

காரணம், அட்லாண்டிக்கிலிருந்து வந்து ஆழத்தில் தங்கும் நீரடுக்கு சுமார் 0.4 டிகிரி சூடாகியிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களில் போய் அளந்தபோதும் இது உறுதியானது.

நமக்கு என்ன?

இப்போதைக்கு மேலே இருக்கும் குளிர்ந்த நீர், அந்த வெப்பத்தை மூடிபோல அடக்கி வைத்திருக்கிறது. மூடி பலவீனமானால், பனி அடியிலிருந்தும் உருகும். அதனால்தான் 2019-20-ல் நார்வே, அமெரிக்க விஞ்ஞானிகள் 'கேடெக்ஸ்' என்ற பெயரில் கடலுக்குள் கருவிகளை நிறுத்தி, ஆர்க்டிக்கின் குறுக்கே மீண்டும் ஒலி அனுப்பினார்கள்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2014-ல் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டனில் 'இண்ட்ஆர்க்' கருவியை இறக்கியது. பிறகு, பனிப்பாறை உடையும் ஓசையை நீருக்கடியில் மைக் வைத்தும் பதிவு செய்தது.

பனி குறையக் குறைய கப்பல்கள் அதிகமாகும், இரைச்சலும் கூடும். ஒலியை நம்பி வாழும் திமிங்கலங்களுக்கு அது தொல்லை. காது கொடுத்துக் கேட்கும் விஞ்ஞானிகளுக்கும்தான்!