அத்திமரத்தைக் குடையும் வண்டு

சுங்கை பூலோ என்றதும் பலருக்கு 1930இல் அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பே நினைவுக்கு வரும். அங்கு வாழ்ந்தோர் வளர்க்கத் தொடங்கிய செடிகளால்தான் அவ்வூர் இன்று நர்சரிகளுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. 'புவா தின்' எனப்படும் சீமை அத்தியைத் தொட்டியில் வளர்க்கும் ஆசையும் நம் நாட்டில் பரவிவிட்டது. அப்படி வளர்த்த செடி திடீரென வாடினால், தண்ணீர் போதவில்லை என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். நானோ முதலில் அடித்தண்டைப் பார்க்கச் சொல்வேன். அங்கே மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறதா?

கிடந்தால் அது பெரும்பாலும் பேட்டோசெரா என்னும் வண்டினத்தின் வேலையாகும். இவ்வினத்தில் நன்கு அறியப்பட்டது பேட்டோசெரா ரூபோமாகுலாட்டா. 1775இல் சுவீடன் நாட்டறிஞர் டி ஜீர் இதற்குப் பெயரிட்டார்; 'செம்புள்ளியுடையது' என்பது பொருள். ஐந்து சென்டிமீட்டர் அளவில் சாம்பல் பழுப்பு உடல், கழுத்துப் பகுதியில் இரு செம்மஞ்சள் புள்ளிகள், நீண்ட உணர்கொம்புகள். இரவில் விளக்கைத் தேடி வரும் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வண்டு இளங்கிளைகளின் பட்டையைக் கொறிப்பதோடு சரி. மரத்தை வீழ்த்துவது அதன் புழுதான்.

பெண்வண்டு பட்டையைக் கீறி அதனுள் முட்டையிடும். புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும்; பிறகு கட்டைக்குள் குடைந்து செல்லும். வளர்ந்த புழு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர், நம் விரலைவிட நீளம்! உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வட்டத்துளையிட்டு வண்டாக வெளிவர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை இலைமேல் எவ்வளவு மருந்து தெளித்தாலும் புழுவை எட்டாது. மா, பலா, ரப்பர் மரங்களையும் இது விடுவதில்லை. பெரிய மரம் சில துளைகளைத் தாங்கும்; கட்டைவிரல் பருமனுள்ள அத்திக்கன்றுக்கு ஒரு புழுவே போதும்.

புழு உள்ளிருக்கும் கன்றை வேறூருக்குக் கொண்டுசென்றால் வண்டும் கூடவே பயணம் செய்கிறது. ஆசியாவைச் சேர்ந்த இவ்வண்டு கடல் கடந்து இஸ்ரேலை அடைந்து, அங்குள்ள அத்தித் தோப்புகளைப் பாழாக்கியது. ஆகவே கன்று வாங்கும்போது காய்களை எண்ணுவதைவிடத் தண்டைத் திருப்பிப் பார்ப்பதே மேல். ஈரமான புதுத்தூளும் சாறு கசியும் துளையும் தென்பட்டால், வளைந்த கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி இழுத்துவிட்டுத் துளையைக் களிமண்ணால் அடைக்கலாம். பட்டுப்போன கிளையை வெட்டி வேலியோரம் போட்டு வைக்காதீர்கள். காய்ந்த கட்டைக்குள்ளும் புழு வளர்ந்து வண்டாகிப் பறந்துவிடும்.