மன்னனின் மாளிகையா, சரக்குக் காட்சியறையா?

வியாபார விடயமாகப் பாரிஸ் செல்லும் நம்மவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் லா ஷப்பலில் உள்ள இலங்கையர் கடைகளைச் சுற்றுவார்கள். ஈபிள் கோபுரத்தடியில் ஒரு படம் எடுப்பார்கள். அத்தோடு பயணம் முடிந்துவிடும். அந்த ஒரு நாளை வெர்சாய் மாளிகைக்குக் கொடுங்கள் என்பது எனது சிபாரிசு. ராஜா ராணி கதை கேட்பதற்காக அல்ல. ஒரு நாடு தனது சரக்கை உலகத்துக்கு எப்படி விற்றது என்பதைப் பார்ப்பதற்காக.

மாளிகை பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீற்றரில் உள்ளது. ஹோட்டல் வாசலில் ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலா பஸ்கள் ஏராளம். விலையும் ஏராளம். ஆர்.ஈ.ஆர். சீ ரயிலில் ஏறி 'வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்' நிலையத்தில் இறங்கினால் மாளிகை வாசலுக்குப் பத்து நிமிட நடைதான். (வெர்சாய் என்று தொடங்கும் வேறு நிலையங்களும் உண்டு, கவனம்.) ஆகவே கூட்டிப் போவதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே விளக்கிச் சொல்பவருக்குக் கொடுக்கும் காசு வேறு கணக்கு. 2,300 அறைகள் கொண்ட கட்டடத்தில் வழிகாட்டி இல்லாமல் நுழைந்தால் தங்கப் பூச்சைத் தவிர வேறொன்றும் மனதில் நிற்காது. மாளிகை நிர்வாகமே ஆங்கிலத்தில் வழிகாட்டிகளை ஏற்பாடு செய்கிறது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை போய்விடாதீர்கள், மூடியிருக்கும்.

நமது நாட்டில் சில வழிகாட்டிகள் பஸ்ஸை நேரே மாணிக்கக்கல் கடை வாசலில் நிறுத்துவது தெரிந்த விடயம். அந்தக் கமிஷன் கடைசியில் கல்லின் விலையில்தான் ஏறுகிறது. பயணியோ கண்டியையும் சரியாகப் பார்ப்பதில்லை, கல்லையும் சரியாகப் பார்ப்பதில்லை. வெர்சாயில் நல்ல வழிகாட்டி கிடைத்தால் அவர் விற்பது கதையை மட்டும்தான். ஆனால் அந்தக் கதை முழுவதும் வியாபாரம்.

கண்ணாடி மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 73 மீற்றர் நீளம், 17 வளைவுகள், 357 கண்ணாடிகள். 17ஆம் நூற்றாண்டில் நல்ல கண்ணாடி என்றால் இத்தாலியின் வெனிஸ்தான். தொழில் இரகசியம் வெளியே போகாமல் அந்நகரம் காத்து வந்தது. 14ஆம் லூயி மன்னனின் நிதிப் பொறுப்பாளர் கொல்பேர், இறக்குமதியில் காசு வெளியே போவதைப் பொறுக்காதவர். 1665இல் அரச கண்ணாடித் தொழிற்சாலையை ஆரம்பித்து, வெனிஸ் தொழிலாளர்களை ஆசை காட்டி வரவழைத்தார். 1684இல் மண்டபம் முடிந்தபோது அங்கு வந்து நின்ற வெளிநாட்டுத் தூதுவர்கள் பார்த்தது மன்னனின் பெருமையை மட்டுமல்ல, பிரெஞ்சுச் சரக்கின் மாதிரியையும்தான். அந்தத் தொழிற்சாலையின் வழிவந்த சான் கோபேன் நிறுவனம் இன்றும் உலகம் முழுவதும் கட்டடப் பொருட்கள் விற்கிறது. சுவரில் தொங்கிய பட்டுகளுக்கான ஓடர்கள் லியோன் நகர நெசவாளர்களுக்குப் போயின.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத்தில் ஒழுங்காக உடுத்திய எவரும் மாளிகைக்குள் நுழையலாம். ஆண்களுக்கு இடுப்பில் வாளும் கையில் தொப்பியும் வேண்டும். இல்லாதவருக்கு? வாயிலிலேயே வாடகைக்குக் கிடைத்தது! மன்னனின் வாசலிலும் யாரோ ஒருவர் கடை போட்டுவிட்டார்.

செலவுப் பக்கமும் உண்டு. மண்டபத்தில் நிறைந்திருந்த வெள்ளித் தளபாடங்களை, யுத்தச் செலவுக்காக 1689இல் மன்னனே உருக்கக் கொடுத்தான். புரட்சிக்குப் பிறகு 1793, 94ஆம் ஆண்டுகளில் மாளிகைத் தளபாடங்கள் 17,000க்கும் அதிகமான தொகுதிகளாக ஏலம் போயின. அன்று கிடைத்த விலைக்கு விற்ற பொருட்களை இன்று வெர்சாய் நிர்வாகம் உலக ஏலங்களில் பெருந்தொகை கொடுத்துத் திரும்ப வாங்குகிறது.

தோட்டத்துக்கு வழிகாட்டி தேவையில்லை, நல்ல சப்பாத்து போதும். லெ நோத்ர் என்பவர் வடிவமைத்தது. பெரிய கால்வாயின் நீளம் மட்டும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல். கோடையில் நீரூற்றுகள் ஓடும் நாட்களில் தோட்டத்துக்கும் டிக்கட் வாங்க வேண்டும். அந்த நீரூற்றுகளுக்காகச் செய்ன் நதியிலிருந்து நீர் ஏற்ற, 14 பெரிய சக்கரங்கள் கொண்ட மார்லி இயந்திரம் 1684இல் இயங்கத் தொடங்கியது. அப்படியும் தண்ணீர் போதவில்லை. மன்னன் நடந்து வரும் பக்கம் மட்டும் ஊற்றைத் திறந்து, அவன் கடந்ததும் மூடுவார்கள். பணியாளர்கள் விசில் ஊதி ஒருவருக்கொருவர் தகவல் கொடுத்தார்களாம். கையில் உள்ள சொற்பச் சரக்கைக் கடை முகப்பில் அடுக்கிக் காட்டும் வித்தை நமக்குப் புதிதல்ல. மன்னனும் அதைச் செய்தான் என்பதுதான் வேடிக்கை.

பேருவளை, இரத்தினபுரி கல் வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. 14ஆம் லூயியின் கையில் இருந்த பெரிய நீலக்கல் 135 கரட்டுக்கும் சற்று அதிகம். அது இலங்கைக் கல் என்பதே அதனை ஆராய்ந்தவர்களின் கருத்து. அதை வெர்சாயில் தேட வேண்டாம். பாரிஸ் நகரிலுள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.