சிலம்ப வீடியோ எடிட் பண்ணப் போறீங்களா?

உங்க ஏரியா சிலம்பக் கூடத்துக்கு ஒரு நிமிஷ விளம்பர வீடியோ எடிட் பண்ணச் சொல்லிருக்காங்களா? முதல் விஷயம், கம்பு சுத்துறதை ஸ்பீட் பண்ணிக் காட்டாதீங்க. அந்த வீடியோவை நம்பித்தான் பெத்தவங்க பிள்ளையைச் சேர்க்கப் போறாங்க. இல்லாத வேகத்தைக் காட்டினா அது பொய்.

நிஜ வேகமே போதும், அது கண்ணுக்குப் பிடிபடணும், அவ்வளவுதான். நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்ததை 30 ஃபிரேம் டைம்லைனில் ஓட்டினா, நாலு மடங்கு ஸ்லோ மோஷன் சுத்தமா கிடைக்கும். 30 ஃபிரேமில் எடுத்ததை அப்படி இழுத்தா, ஒவ்வொரு ஃபிரேமும் நாலு தடவை வந்து காட்சி திக்கும். அதனால எதை ஸ்லோவில் காட்டணும்னு ஷூட்டுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

ஒரு வீச்சை முதலில் வெட்டாம, முழு உருவமும் தெரியிற வைடு ஷாட்டில், நிஜ வேகத்தில் காட்டுங்க. சிலம்பத்தில் காலடிதான் அஸ்திவாரம். குளோசப்பில் கம்பு மட்டும் தெரிஞ்சா பாதி வித்தை காணாமப் போயிடும். அப்புறம் அதையே ஸ்லோவில் வைங்க. கட் பண்ற இடம் கம்போடு கம்பு மோதுற நொடியா இருக்கட்டும். அந்தச் சத்தத்தை மியூசிக்கில் மூழ்கடிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு: சின்னப் பசங்க முகம் தெரியிற ஷாட் இருந்தா, அவங்க அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டு அப்புறமா எக்ஸ்போர்ட் பண்ணுங்க.