உங்களுக்குத் தெரியுமா? மனுப் போட்டு வரவழைத்த மழைக் காதல்

ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' அனிமேஷன் படம் 2019 அக்டோபர் 11 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததே ரசிகர்களால்தான். படத்தை இங்கே வெளியிடக் கேட்ட இணைய மனுவில் சுமார் 50,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜப்பானிய அனிமேஷனான அனிமேயைச் சிறுவர் சமாச்சாரம் என்பார்கள். ஆனால் வீட்டைவிட்டு டோக்கியோவுக்கு ஓடிவந்த 16 வயது ஹோடகா வேலையும் தங்க இடமும் இல்லாமல் அலைவதையும், ஊர் மூழ்கினாலும் தான் நேசிக்கும் ஹினாதான் வேண்டும் என்று நிற்பதையும் விளையாட்டென்று ஒதுக்க முடியாது. ஜூலை மழையில் தண்ணீர் தேங்கும் மும்பையின் மான்குர்தில் இந்தக் கதை அந்நியமாகவும் இராது. படம் பார்த்தபின், இதே கதைக்கு வதாரு குபோதா வரைந்த மங்கா என்னும் சித்திரக்கதை எதற்கு? அசையாத கட்டத்தில் ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை வாசகரே தீர்மானிக்கிறார். தயக்கமே உயிரான பதின்பருவக் காதலுக்கு அந்த நிதானம் தேவை. இரண்டையும் சுவையுங்கள், படத்தை முதலில்.