ஒரே கயிற்றில் உயிர்கள்

மலை யாரையும் ‘வா’ என்று அழைப்பதில்லை. பனி மூடிய சிகரத்தில் விளைச்சல் இல்லை, வீடு இல்லை, நெஞ்சு நிறைய மூச்சு விடப் போதிய காற்றுகூட இல்லை. அப்படியிருந்தும் மனிதர்கள் முதுகில் சுமையோடும் கையில் கோடரியோடும் அதை நோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறார்கள். பரங்கிமலைப் படிகளையே மூன்று இடங்களில் நின்று இளைப்பாறி ஏறும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய புதிர்தான். ஆகவே இதைப்பற்றி நாங்கள் படித்து அறிந்தவற்றை நம் ஆண்டு மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மலைமேல் உள்ள ஆசை எல்லாக் காலத்திலும் எல்லாரிடத்திலும் இருந்ததன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் மலை என்றால் அச்சமே. ஷாய்க்சர் என்னும் ஸ்விட்சர்லாந்து அறிஞர் 1723-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஆல்ப்ஸ் மலையில் வாழும் பறக்கும் நாகங்களைப்பற்றிக் கூட எழுதி வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஆனால் அவருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1336-இல், பெட்ரார்க் என்னும் இத்தாலியக் கவிஞர் பிரான்சு நாட்டு வான்டூ மலையில் ஏறினார். உச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் தமக்கு இல்லை என்றே அவர் எழுதினார். துணைக்கு யாரை அழைத்துச் செல்வது என்று நண்பர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். ஒருவர் அதிகம் பேசுபவர், ஒருவர் சோம்பல் மிக்கவர் என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் தம் சொந்தத் தம்பியையே அழைத்துச் சென்றார். மலைக்குத் துணை தேடுவது அன்றே எளிதாக இல்லை போலும். உச்சியில் அவர் புனித அகுஸ்தீனாரின் நூலைத் திறக்க, மலைகளை வியந்துவிட்டுத் தன்னை மறக்கும் மனிதரைப்பற்றிய பக்கம் கண்ணில் பட்டதாம். இறங்கும் வழியெல்லாம் அவர் பேசவே இல்லை.

ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரமுள்ள மோன் பிளாங் சிகரத்தை 1786 ஆகஸ்டு 8-ஆம் நாள் பக்கார் என்ற மருத்துவரும், பளிங்குக் கற்களைத் தேடி விற்று வந்த பால்மா என்பவரும் முதன்முதலில் அடைந்தனர். அதே சிகரத்தை 1808-இல் ஒரு பெண் தொட்டார். அவர் சீமாட்டி அல்லர். மரி பராடிஸ் என்ற வேலைக்காரப் பெண். 1923-இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர், எவரெஸ்ட் மீது ஏன் ஏற வேண்டும் என்று ஜார்ஜ் மாலரியைக் கேட்டபோது, அது அங்கே நிற்கிறது, அதுவே காரணம் என்ற பொருளில் அவர் விடையளித்தார். உலகம் அதைப் பெரிய வாக்காகக் கொண்டாடுகிறது. எங்களுக்கு என்னவோ அது கேள்வியைத் தட்டிக் கழித்த விடையாகவே படுகிறது.

உண்மையான விடை உச்சியில் அல்ல, ஏறுவோரை இணைக்கும் கயிற்றில் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அதைச் சற்று விளக்குவோம்.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உயிர்க்காற்று குறையும்போது கால்கள் மட்டும் தளர்வதில்லை, மூளையும் மந்தமாகிறது. கையுறையைக் கழற்றிவிட்டு அதை மறந்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலேயே உறங்க விரும்புவார்கள். தன் அறிவு மங்குகிறது என்பதை அந்த அறிவாலேயே எப்படிக் கண்டுகொள்வது? பக்கத்தில் இருப்பவர்தான் கண்டு சொல்ல வேண்டும். ஆகவே மலையில் துணைவர் என்பவர் பேச்சுத்துணை மட்டும் அல்லர்; நமக்கு வெளியே இருக்கும் நம் அறிவு அவர். இருவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் நகரும்போது மற்றவர் பனியில் ஊன்றிய கோடரியிலோ பாறையிலோ கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அவர் பிடியை நம்பித்தான் இவர் காலை எடுத்து வைக்கிறார். பிடி தவறினால் இருவருமே போக வேண்டியதுதான்.

இதற்கு 1953-இல் கே-2 சிகரத்தில் நடந்ததைவிடச் சிறந்த சான்று கிடையாது. 8,611 மீட்டர் உயரமுள்ள அது உலகின் இரண்டாவது பெரிய சிகரம். டாக்டர் சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் எண்மர், ஏழு அமெரிக்கரும் ஓர் ஆங்கிலேயரும், ஏறத்தாழ 7,700 மீட்டர் உயரத்தில் புயலில் சிக்கிக் கூடாரங்களுக்குள் முடங்கிக் கிடந்தனர். ஆகஸ்டு 7-ஆம் நாள் ஆர்ட் கில்க்கி என்பவர் எழுந்து நிற்க முயன்று விழுந்தார். காலில் இரத்தம் உறைந்துவிட்டது என்பதை மருத்துவரான ஹூஸ்டன் கண்டார். நடக்க முடியாத ஒருவரை அந்தச் சரிவில் இறக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். முயன்றால் எல்லாருமே மடியக்கூடும். இது எல்லாருக்கும் தெரியும். ஆயினும், விட்டுவிட்டுப் போவோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சிகரத்தை மறந்தார்கள். கில்க்கியை உறக்கப் பையிலும் கூடாரத் துணியிலும் சுற்றி, ஆகஸ்டு 10-ஆம் நாள் வீசும் புயலிலேயே கயிறு கட்டி இறக்கத் தொடங்கினார்கள்.

பாதி வழியில் ஜார்ஜ் பெல் சறுக்கினார். அவரோடு பிணைத்திருந்தவரை அவர் இழுக்க, அந்தக் கயிறு அடுத்த இருவரின் கயிற்றில் சிக்க, அது இன்னொருவரையும் இழுக்க, ஐந்து பேர் பாதாளத்தை நோக்கி உருண்டனர். மேலே 26 வயதுடைய பீட் ஷோனிங் கில்க்கியின் கயிற்றைப் பிடித்து நின்றார். பனியில் உறைந்த ஒரு பாறையின் பின்னே கோடரியைச் செருகி, கயிற்றை அதிலும் தம் உடலிலும் சுற்றியிருந்தார். சிக்குண்ட கயிறுகளின் பாரம் முழுவதும் அந்த ஒற்றைக் கோடரியின்மீதும் அந்த ஒற்றை மனிதர்மீதும் வந்து விழுந்தது. அவர் விடவில்லை. கில்க்கியோடு சேர்த்து ஆறு உயிர்கள் அந்தரத்தில் நின்றன. விழுந்த ஐவரும் பிழைத்தனர்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். காயமுற்றவர்களுக்குக் கூடாரம் அமைப்பதற்காகக் கில்க்கியைச் சரிவில் இரு கோடரிகளில் கட்டி நிறுத்திவிட்டுச் சற்று அப்பால் சென்றனர். திரும்பி வந்தபோது அவர் அங்கே இல்லை. பனிச்சரிவு கொண்டு போனதா, நண்பர்கள் பிழைக்கட்டும் என்று அவரே தம்மை விடுவித்துக்கொண்டாரா என்று இன்றும் பேசுகிறார்கள். மலையடிவாரத்தில் தோழர்கள் அவருக்காகக் கற்களைக் குவித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினர். பின்னாளில் அம்மலையில் இறந்த பலரின் பெயர்களும் அதிலேயே இடம் பெற்றன.

கயிறு இருந்தால் மட்டும் போதுமா? 1865-இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் வென்று இறங்கிய எழுவரில் ஒருவர் சறுக்கினார். இடையில் இருந்த கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். கட்டியிருந்தது வலுக்குறைந்த பழைய கயிறு. எஞ்சிய மூவரையும் நெடுங்காலம் சந்தேகம் துரத்தியது. அந்த அறுந்த கயிறு ஸெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

டென்சிங்கும் ஹிலாரியும் எல்லாரும் அறிந்த இணை. ஆனால் 1953 மே 29-க்குச் சில வாரங்களுக்கு முன்பே, பனிப்பிளவு ஒன்றில் விழப்போன ஹிலாரியை டென்சிங் கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிக் காத்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதன்பின்தான் ஹிலாரி இவரே தமக்கு ஏற்ற துணை என்று தீர்மானித்தார். உச்சியில் டென்சிங் இனிப்புகளைப் பனியில் புதைத்து வணங்கினார்; தலைவர் ஜான் ஹண்ட் கொடுத்தனுப்பிய சிலுவையை ஹிலாரி அங்கே வைத்தார். முதலில் கால் வைத்தது யார் என்று உலகம் துளைத்தெடுத்தபோது, இருவரும் சேர்ந்தே ஏறினோம் என்றே சொல்லி வந்தனர். அது ஹிலாரிதான் என்பதை 1955-இல் தம் வரலாற்றில் வெளியிட்டவர் டென்சிங்கே. இந்த இடத்தில் எங்களுக்கு டென்சிங்கின்மீது மதிப்பு இரட்டிப்பாகிறது.

பெண்களின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானியரான ஜுன்கோ தாபெய், 1969-இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கம் தொடங்கினார். வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கக் கூடாதா என்று கேட்டவர்கள் பலர். அவர் பியானோ கற்பித்துப் பணம் சேர்த்தார். கார் இருக்கை உறைகளைக் கிழித்துக் கையுறைகளுக்கு மேலுறை தைத்தார். குழுவில் இருந்த ஆசிரியைகளுக்கு அவர்களுடைய மாணவர்கள் உணவில் மிஞ்சிய ஜாம் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தனராம்! 1975 மே 4-ஆம் நாள் பனிச்சரிவு அவர்களது முகாமைப் புதைத்தது. ஷெர்ப்பாக்கள் தாபெயை நினைவற்ற நிலையில் தோண்டி எடுத்தனர். 12 நாட்களுக்குப் பின், மே 16-இல், ஆங் ஷெரிங்கோடு அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அங்கே நின்ற முதல் பெண் அவரே.

நம் நாட்டின் பசேந்திரி பால் 1984 மே 23-இல் அதே உச்சியை அடைந்தார். எங்களைக் கவர்ந்தது அதற்கு முந்தைய நாள். உச்சிக்குக் கீழே கடைசி முகாமை அடைந்து ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், பின்தங்கி வரும் தோழர்களுக்காக ஒரு பிளாஸ்கில் பழச்சாறும் மற்றொன்றில் சூடான தேநீரும் நிரப்பிக்கொண்டு அவர் மீண்டும் கீழே இறங்கினார். மறுநாள் உச்சிக்கு வேண்டிய வலிமையை இப்படி வீணாக்கலாமா என்று தோழர்களே தடுத்தனர். அவர் கேட்கவில்லை.

திருத்தந்தை 11-ஆம் பத்திநாதரும் இளம் குருவாக இருந்தபோது தேர்ந்த மலையேறி என்பதை நம் அருட்சகோதரிகள் அறிந்திருப்பர். 1889-இல் மோன்டே ரோசா மலையைக் கடினமான கிழக்கு முகத்தின் வழியே கடந்தவர் அவர். 1923-இல் மலையேறுவோரின் பாதுகாவலராகப் புனித பெர்நார்துவை அவரே அறிவித்தார்.

பெற்றோர் கேட்கும் கேள்வி நியாயமானதே: இத்தனை உயிர்களைப் பணயம் வைப்பது தன்னலம் அல்லவா? பிறர் பெருமைக்காகச் சுமை தூக்கி, ஏணியும் கயிறும் அமைப்பவர்கள் ஷெர்ப்பாக்கள். 2014 ஏப்ரல் 18-இல் கும்பு பனியருவியில் விழுந்த பனிக்கட்டிகள் ஒரே காலையில் 16 நேபாளப் பணியாளர்களைக் கொன்றன. அந்த 16 வீடுகளை நினைக்கும்போது மாலரியின் விடை இன்னும் சிறுத்துப் போகிறது. எல்லாரும் கயிற்றின் கடமையை உணர்வதும் இல்லை. 2006 மே மாதம் டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் எவரெஸ்ட் வழியோரத்தில் உறைந்து கிடக்க, உச்சியை நோக்கிச் சென்ற பலர் அவரைக் கடந்து போயினர். அவர் இறந்தார்.

அதே மாதம், அதே வழியில், சில நாட்களே கழித்து, லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியர் இறந்துவிட்டார் என்று கருதி இரவில் கைவிடப்பட்டார். காலையில் டான் மேசரும் அவருடன் வந்த மூவரும் அவர் உயிரோடு அமர்ந்திருப்பதைக் கண்டனர். வானம் தெளிவாக இருந்தது. உச்சி சில மணி நேரத் தொலைவில்தான். நால்வரும் அங்கேயே நின்று, அவருக்கு உயிர்க்காற்றும் பானமும் கொடுத்து, மீட்புக் குழு வரும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஹால் தம் மனைவி மக்களிடம் வீடு திரும்பி, 2012 வரை வாழ்ந்தார்.