உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைக் காலின் கணக்கு

● பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். 51–55 வயதினரில் சுமார் 5 சதவீதம் பேரால்தான் முடியவில்லை. 71–75 வயதினரிலோ பாதிக்கும் மேல்! ஆய்வு வெளியானது 2022இல்.

● கண்ணை மூடினால் இளைஞரும் சீக்கிரமே காலை ஊன்றிவிடுவார். உடம்பு சாய்வதை மூளைக்குச் சொல்வதில் உள்காது, பாதம் இவற்றோடு பார்வைக்கும் பங்குண்டு.

● நொண்டியடித்துத் தாண்டும் தூரம் உயரம், எடை, தொடை வலுவைப் பொறுத்தது. அதனால் முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட விளையாட்டு வீரரின் அந்தக் காலை அவருடைய மறுகாலோடுதான் ஒப்பிடுகிறார்கள். மறுகால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது தாண்டினால்தான் பொதுவாகக் களமிறங்க அனுமதி.

● சோதித்துப் பார்க்கிறீர்களா? சுவரோரமாக நின்று, பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.