பெட்டியில் வந்த விமானம்

கையளவு வானம் – 6

போன வாரம் பாகங்களை ரன்னர் என்ற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவைத்தோம். உடனே பசை போட்டு ஒட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதில் என்ன குறை, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். மாதிரி விமானம் கட்டும் கலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

நாம் கட்டிக்கொண்டிருப்பது இந்திய விமானப்படையின் ஒற்றை இருக்கை நாட் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. 72-இல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தின் இறக்கை, நுனியிலிருந்து நுனிவரை 6.73 மீட்டர், மேசையில் அது 93 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நீளம் 8.74 மீட்டர், இங்கே 121 மில்லிமீட்டர். விரித்த உள்ளங்கையில் முழு விமானமும் அடங்கிவிடும்.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது இதுவல்ல. இரட்டை இருக்கை கொண்ட பயிற்சி நாட். பிரிட்டனின் 'ரெட் ஆரோஸ்' சாகசக் குழு 1965 முதல் 1979 வரை அதில்தான் பறந்தது. அதனால் சிவப்பு நாட்டுக்கு உலகம் முழுக்க மவுசு. அதையே வாங்கிப் பின் இருக்கையை மூடிவிட்டால் நம் நாட் ஆகிவிடாதா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஆகாது. பயிற்சி விமானத்தின் இறக்கை 7.32 மீட்டர் அகலம். நம் அளவில் 8 மில்லிமீட்டர் கூடுதல். உடல் நீளம் வேறு. ஒற்றை இருக்கை நாட்டில், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் பலகைகள் இறக்கையின் உள்பக்கம், உடலை ஒட்டி இருக்கும். தரையிறங்கும்போது அவையே கீழே சாய்ந்து ஃபிளாப் வேலையையும் பார்க்கும். பயிற்சி விமானத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பலகைகள். பின் இருக்கையை மூடி முடித்த பிறகும் அது பயிற்சி விமானமாகத்தான் நிற்கும்.

ஆகவே, குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் ஒரு சிறிய ஐரோப்பிய நிறுவனத்தின் கிட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். வடிவம் சரியாக இருக்கிறது. ஆனால் இத்தகைய கிட்டுகளை வார்க்கும் அச்சான டை, பெரிய நிறுவனங்களின் கடின எஃகு டையைப் போல லட்சக்கணக்கில் அச்சிடச் செய்ததல்ல. விளிம்புகளில் கூர்மை குறைவு. இரண்டு பாதிகளும் சேரவேண்டிய இடத்தைக் காட்டும் முளையும் துளையும் கிடையாது. குறைகளும் அதிகம்.

இங்கேதான் சென்னைக்கு அருகே படப்பையில் குடியிருப்பதன் அருமை தெரிகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடிகாலையில் நின்றால், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கடக்கும். அவற்றில் போகிறவர்களில் பலர் பம்பர், டேஷ்போர்டு, விளக்குக் கூடு என்று பிளாஸ்டிக் அச்சிடும் மோல்டிங் ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்கள். எங்கள் எதிர்வீட்டுத் தம்பியும் அப்படி ஒருவர். டை மாற்றிப் பொருத்தும் வேலை. நாட்டின் இறக்கையை அவர் கையில் கொடுத்தேன். விமானத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரலால் மேற்பரப்பை ஒருமுறை வருடிவிட்டு, "அண்ணே, இங்க சிங்க் இருக்கு. பின்னாடி தடிமனா ஏதோ வெச்சிருக்கான் பாருங்க" என்றார். திருப்பிப் பார்த்தால், சக்கரப் பள்ளத்தின் சுவர் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உருகிய பாலிஸ்டைரின் டைக்குள் பாய்ந்து, சுவரைத் தொட்டதும் மேல்தோல் முதலில் உறைகிறது. தடித்த இடங்களில் உள்பகுதி பிந்தித்தான் ஆறும். ஆறும்போது சுருங்கி, ஏற்கெனவே உறைந்த தோலை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே மெல்லிய குழி விழுகிறது. அதுதான் சிங்க் மார்க். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. இதை அறிந்தவர், குழி எங்கே விழும் என்பதைப் பாகத்தின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். தம்பி அடுத்தடுத்து மூக்குப் பகுதியையும் வாலையும் எடுத்துப் பார்த்தார். விளிம்பில் படலம்போல் நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, "ஃபிளாஷ். டை சரியா மூடல, இல்லன்னா டை தேஞ்சிருக்கு" என்றார். வட்ட வட்டமாய்ப் பதிந்த தடங்கள், உறைந்த பாகத்தை டையிலிருந்து தள்ளிவிடும் எஜெக்டர் முளைகளின் அடையாளம். சக்கரக் கதவின் ஒரு மூலை முழுமையாக வராமல் மழுங்கியிருந்தது. பிளாஸ்டிக் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது. ஷார்ட் ஷாட்.

கிட் கட்டுகிற பலர் இவற்றையெல்லாம் 'தரம் சரியில்லை' என்ற ஒரே புகாரில் அடக்கிவிடுகிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு குறைக்கும் தனிக் காரணம்; காரணத்துக்கு ஏற்ற தனி வைத்தியம். ஃபிளாஷை பிளேடின் முதுகால் சுரண்டினால் போதும். சிங்க் குழியை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யப் போனால் சுற்றியுள்ள இறக்கை வளைவு தட்டையாகிவிடும். அதை நிரப்பத்தான் வேண்டும். மழுங்கிய மூலைக்குப் பட்டி வைத்தால் உதிரும். அங்கே பிளாஸ்டிக் தகட்டுத் துண்டை ஒட்டி, ஆறவிட்டு, வடிவத்துக்கு அராவவேண்டும்.

இன்னொரு வகை இருக்கிறது. அவற்றைக் குறை என்று சொல்லவே தயங்குவேன். டை என்ற முறையின் எல்லைகள் அவை. டை இரண்டாகத் திறந்து பாகம் வெளியே வரவேண்டுமானால் பக்கச் சுவர்களில் சிறு சாய்வு வேண்டும். மேலே குறுகி உள்ளே அகலும் குழியை எளிய டையில் வார்க்க முடியாது. அதனால்தான் துப்பாக்கி வாய்கள் வெறும் பொட்டுகளாக வருகின்றன. நாட்டின் இரண்டு 30 மில்லிமீட்டர் ஆடென் பீரங்கிகளும் பக்கத்துக்கு ஒன்றாக, காற்று உள்ளே போகும் வாய்களின் உதட்டோரம் பதிந்தவை. முன்பக்கத்திலிருந்து பார்க்கிறவர் கண் முதலில் போவது அங்கேதான். 30-ஐ 72-ஆல் வகுத்தால் 0.4 மில்லிமீட்டர் சொச்சம். சர்க்யூட் போர்டில் துளை போடும் 0.4 பிட் இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பிட்டை மோட்டாரில் மாட்டாதீர்கள். சூட்டில் பாலிஸ்டைரின் உருகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். முதலில் ஊசிமுனையால் நடுப்புள்ளி குத்தி, கைப்பிடியில் மாட்டிய பிட்டை விரல்களுக்கிடையே உருட்டி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளை ஊதிவிடுங்கள்.

இறக்கையின் பின்விளிம்பையும் இதே கணக்கில் பாருங்கள். கிட்டில் அது அரை மில்லிமீட்டர் தடிமன். நிஜ விமானத்துக்கு அது 36 மில்லிமீட்டர்! அவ்வளவு மொத்தையான விளிம்போடு எந்தப் போர்விமானமும் பறக்காது. மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் ஒட்டுவதற்கு முன்பே இரண்டின் உள்பக்கத்தையும் 400 எண் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கவேண்டும். வெளியே தேய்த்தால் பேனல் கோடுகள் போய்விடும்.

நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு என் தரப்பில் ஒரு காரணம் உண்டு. நிஜ நாட்டும் நம் நாட்டுக்குப் பெட்டியில்தான் வந்தது.

போர்விமானங்கள் ஆண்டுக்காண்டு கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவதை டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் எதிர்த்தார். கான்பரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர் அவர். ஃபாலண்ட் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய நாட், 1955 ஜூலை 18 அன்று முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை ஒற்றை இருக்கை நாட்டைப் படையில் சேர்க்கவில்லை. பின்லாந்தும் யூகோஸ்லாவியாவும் கொஞ்சம் வாங்கின. பெரிய அளவில் எடுத்துக்கொண்டது இந்தியாதான். 1956 செப்டம்பரில் ஒப்பந்தம். முதல் 13 விமானங்கள் இங்கிலாந்தின் ஹாம்பிளில் பூட்டப்பட்டன. அடுத்து பாதி முடிந்த விமானங்கள் வந்தன. அதற்கடுத்து பாகத் தொகுதிகள். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் பூட்டப் பழகினார்கள். பூட்டிப் பூட்டி, பாகங்களையே செய்யக் கற்றார்கள். இந்தியாவில் செய்த பாகங்களாலான முதல் நாட் 1962 மே மாதம் பறந்தது. கடைசி நாட் 1974 ஜனவரியில் கைமாறியது.

போரில் அதன் பெயர் எல்லோரும் அறிந்ததுதான். 1965 செப்டம்பர் 3 அன்று டிரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் போர்விமானம் ஒன்றை வீழ்த்தியதாக இந்தியத் தரப்பு அறிவித்தது. அவர் சகோதரர் டென்சில் கீலரும் அதே போரில் நாட் ஓட்டி வீர் சக்ரா பெற்றார். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் தாக்கவந்த சேபர்களை எதிர்த்து நாட்டில் ஏறி உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன், இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர்.

புகழைப் பேசுகிறவர்கள் அதன் குறைகளை ஏனோ பேசுவதில்லை. எனக்கு அந்தக் குறைகளின் கதைதான் பெரிதாகப் படுகிறது. வால்பலகையைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் அமைப்பு தொல்லை கொடுத்தது. சண்டையின் நடுவே பீரங்கிகள் சிக்கிக்கொண்டன. சின்ன உடலுக்குள் எரிபொருளுக்கு இடம் போதவில்லை. இறக்கையின் கீழே டாங்க் தொங்கவிட்டால் ஆயுதத்துக்கு இடமில்லை. பெங்களூர்க்காரர்கள் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்தார்கள். தொங்குமிடங்கள் ஆயுதத்துக்குக் கிடைத்தன. கட்டுப்பாட்டு அமைப்புகளை மேம்படுத்தினார்கள். திருத்திய விமானத்தின் முன்மாதிரி 1975 மார்ச்சில் பறந்தது. அதுதான் அஜீத். 1991 வரை படையில் இருந்தது. அடுத்தவர் வரைந்த வரைபடத்தை வைத்துப் பூட்டத் தொடங்கியவர்கள், அதன் பலவீனம் எங்கே என்று கைப்பழக்கத்தில் கண்டு, அதை மாற்றும் இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். இறக்குமதிப் பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கி டை செய்வதுவரை வளரும் எங்கள் ஒரகடம் சாலைப் பட்டறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டுகளின் பெங்களூர் நினைவுக்கு வரும்.

சரி, மேசைக்கு வருவோம். உடலின் இரு பாதிகளையும் சேர்க்குமுன் மூக்கில் எடை வையுங்கள்; இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டி, விமானி அறைக்கு முன்னுள்ள இடைவெளியில் திணித்து ஒட்டலாம். தட்டிய பிறகு கையைக் கழுவிவிடுங்கள். முளையும் துளையும் இல்லாத குறைக்கு, ஒரு பாதியின் உள்விளிம்பில் சிறு பிளாஸ்டிக் தகடுகளை நாக்குபோல் நீட்டி ஒட்டினால் மறுபாதி நழுவாமல் உட்காரும். திரவப் பசையைத் தூரிகையால் இணைப்பில் தொட்டால் அதுவே உள்ளே ஓடிப் பரவி, இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கும். மெதுவாக அழுத்துங்கள், இணைப்பில் மெல்லிய கோடாகப் பிதுங்கி வரட்டும். ஒரு நாள் ஆறவிட்டுத் தேய்த்தால், அந்தப் பிதுக்கலே இடைவெளியை நிரப்பியிருக்கும். பாதிப் பட்டி மிச்சம்.

இறக்கை உடலில் சேரும் இடத்தில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது. நிஜத்தில் 2 சென்டிமீட்டருக்கும் மேல். இதற்குப் பட்டி பார்த்தே ஆகவேண்டும். கார் டிங்கரிங் கடையில் பயன்படுத்தும் என்.சி. பட்டியே போதும், கொஞ்சமாக, இரண்டு பூச்சாக. ஒரே பூச்சில் நிரப்பினால் அதுவும் ஆறும்போது சுருங்கி, நாம் நீக்கிய சிங்க் குழியை வேறிடத்தில் உண்டாக்கும். 400, 800, 1200 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து வாருங்கள்.

இந்தக் கட்டத்தில் யாரும் அவசரப்பட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். 1965-இல் நம் நாட்டுகள் உருமறைப்பு வண்ணம் இல்லாமல் வெள்ளி உலோகமாகப் பளபளத்தன. நாம் கட்டுவதும் அந்த நாட்தான். பச்சை வண்ணம் சில குறைகளை மூடும். வெள்ளி எதையும் மூடாது. 400 தாளின் கீறலைக்கூட விளக்கொளியில் காட்டிக்கொடுக்கும். எனவே வெள்ளி ஏற்றுமுன் பளபளப்பான கறுப்பு வண்ணத்தை மெலிதாக அடித்து, விளக்கின் பிம்பம் அதில் எங்கே நெளிகிறது என்று பாருங்கள். நெளிகிற இடமெல்லாம் இன்னும் வேலை பாக்கி. இறக்கை வேரை இப்படிச் சோதித்ததில் என் நாட் இரண்டாம் சுற்றுப் பட்டிக்குப் போயிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் மழைக்கால ஈரத்தில் தின்னர் கலந்த வண்ணம் ஆறும்போது வெண்மை பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு, ஈரம் குறைந்த வேளையில் அடியுங்கள்.

அடுத்த வாரம் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் வால் இலக்கமும் காவி–வெள்ளை–பச்சை வட்டமும். காவி நிறத்தை ஒட்டுப்படம் அச்சிடுகிறவர்கள் ஆரஞ்சாக்கிவிடும் சிக்கலை அங்கே பார்ப்போம். அதற்குள் உங்கள் நாட்டின் பின்விளிம்பை மெலிதாக்கி முடித்துவிடுங்கள்.

(தொடரும்)